எழுந்து நிற்கவே முடியாமல் போன 17 வயது இளைஞர்... பிறகு மலையைச் சுற்றிச் சுற்றி நடந்தது எப்படி? திருச்சுழி ரமணரின் கதை

பௌர்ணமி வந்துவிட்டால் விருதுநகர், அருப்புக்கோட்டை, சிவகாசி பக்கமிருந்து வேன் பிடித்து திருவண்ணாமலைக்குக் கிளம்புகிறவர்கள் நிறைய பேர். 14 கி.மீ. கிரிவலம். இரவு முழுக்கக் கூட்டம். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் செல்போன், மூன்று மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாகப் போகிறவர்களையும் அங்கே பார்க்கலாம்.

அதே பாதையில் நூறு வருடங்களுக்கு முன்னால் ஒருவர் நடந்தார். அவருக்கு அந்த 14 கி.மீ. தூரத்துக்கு ஒரு முழு இரவு ஆகும். சில முறை இரண்டு, மூன்று நாட்கள்கூட ஆனதுண்டு. இந்த விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழியில் பிறந்தவர் அவர். பெயர் வெங்கடராமன். உலகத்துக்கு ரமண மகரிஷி.

ரமணர் என்றதும் சோபாவில் சாய்ந்தபடி அமைதியாகப் பார்க்கும் அந்தப் புகைப்படம்தான் பலருக்கு ஞாபகம் வரும். அவர் நடந்ததைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கையைக் கால்கள் வழியாகப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. விழுந்தது, எழுந்தது, மறுபடி நடக்கப் பழகியது, கடைசியில் கம்பு ஊன்றியது என எல்லாமே அதில் இருக்கிறது.

பந்து விளையாடிய பையன்

1879 டிசம்பர் 30-ம் தேதி திருச்சுழியில் பிறந்தார். அப்போது விருதுநகர் மாவட்டம் என்று ஒன்று கிடையாது. ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து அது உருவானது 1985-ல்தான். அப்பா சுந்தரம் ஐயர், உள்ளூர் கோர்ட்டில் வழக்காடியவர். அம்மா அழகம்மாள். குண்டாற்றங்கரை, திருமேனிநாதர் கோயில் என்று சின்ன வயது அங்கேயே கழிந்தது.

1892-ல் அப்பா இறந்துவிட்டார். குடும்பம் பிரிந்தது. வெங்கடராமன் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்குப் போனார். படிப்பில் பெரிய ஆர்வமில்லை. ஆனால் கால்பந்து, மல்யுத்தம், நீச்சல் எல்லாவற்றிலும் கெட்டி. நல்ல உடம்பு. தூக்கம் மட்டும் அபாரம். நேரில் மோத பயந்த பையன்கள், தூங்கும்போது தூக்கிக்கொண்டு போய் அடித்துவிட்டு மறுபடி படுக்க வைத்தாலும் அவருக்குத் தெரியாதாம்.

1896 ஜூலையில், 16 வயதில், அந்த வீட்டு மாடியில் திடீரென்று மரண பயம் வந்தது. டாக்டரைத் தேடி ஓடவில்லை. கை, கால்களை விறைப்பாக நீட்டிப் பிணம்போலப் படுத்து, இந்த உடம்பு செத்தால் எது மிச்சம் இருக்கிறது என்று உள்ளே கவனித்தார். அவருடைய ஆன்மிக வாழ்க்கை அங்கே தொடங்கியது என்று எல்லாருக்கும் தெரியும். நம் விஷயத்துக்கு முக்கியம் வேறு: தன் உடம்பை ஒதுங்கி நின்று பார்க்கும் பழக்கமும் அன்றுதான் வந்தது.

முதல் தடுமாற்றம்: சோறு சிந்திய இடம்

அதே ஆண்டு ஆகஸ்ட் 29. அண்ணனின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு ரயில் ஏறினார். பழைய அட்லஸைப் பார்த்து திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கியிருந்தார். விழுப்புரத்திலிருந்தே திருவண்ணாமலைக்குப் பாதை இருப்பது ரயிலில் ஒரு மௌல்வி சொல்லித்தான் தெரிந்தது.

கையில் இருந்த சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் ரயிலில் போக முடிந்தது. மிச்சம் நடை. அங்கிருந்து அரகண்டநல்லூருக்கு சுமார் 16 கி.மீ. நடந்தார். அன்றிரவு பக்கத்தில் கீழூர் கோயிலில் மேளக்காரர் ஒருவர் தன் பங்கு சோற்றைக் கொடுத்தார். ஒரு வீட்டு வாசலில் தண்ணீருக்காகக் காத்திருந்தபோது, தூக்கமோ மயக்கமோ, சில அடி தள்ளாடிப் போய்க் கீழே விழுந்தார். சோறு தரையில் சிந்தியது. கண் விழித்தபோது சுற்றிலும் ஆட்கள். சிந்திய சோற்றைப் பொறுக்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் கோகுலாஷ்டமி. ஒரு வீட்டில் சாப்பாடு போட்டார்கள். காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்து, செப்டம்பர் 1-ம் தேதி காலையில் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார்.

உட்கார்ந்தே இருந்தால் உடம்பு என்ன ஆகும்?

அடுத்து நடந்ததைப் பக்தர்கள் தவத்தின் உச்சம் என்று சொல்வார்கள். ஆன்மிகமாக அது சரியாக இருக்கலாம். உடம்பின் பக்கம் நின்று பார்த்தால் பயமாக இருக்கிறது.

ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தார். பையன்கள் கல் எறிந்ததால் பாதாள லிங்கக் குகைக்குள் போனார். இருட்டு, ஈரம், பூச்சிகள். தொடைகளும் கால்களும் புண்ணாகி சீழும் ரத்தமும் வடிந்தன. அவருக்குத் தெரியவே இல்லை. கடைசியில் சிலர் அவரை அப்படியே தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். பிறகு வாகன மண்டபத்தில் இருந்த நாட்களில், உட்கார்ந்த இடம் ஒன்று, கண் திறக்கும்போது இருக்கும் இடம் வேறொன்று. அந்தப் பெரிய வாகனங்களுக்கு அடியில் எப்படிப் போனோம் என்று அவருக்கே புரியாது.

1897 தொடக்கத்தில் ஊருக்கு வெளியே குருமூர்த்தத்துக்கு மாறினார். அங்கே ஒன்றரை வருடம் போல இருந்தார். நாளுக்கு ஒரு கிண்ணம் உணவு. எழுந்து நிற்கப் பார்ப்பார், சில அங்குலம் உயர்ந்ததும் தலை சுற்றி மறுபடி உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் எப்படியோ வாசல் வரை வந்து இரண்டு கைகளாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட இருந்த பழனிசுவாமி தன்னைத் தாங்கிப் பிடித்திருப்பதைப் பிறகுதான் கவனித்தார். எதற்காகப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டார். விழப்போனதால் பிடித்தேன் என்றார் பழனிசுவாமி. தான் விழப்போவதே அவருக்குத் தெரியவில்லை!

ஒரு வருடத்துக்கு முன்னால் கால்பந்து ஆடிய பையன் அவர். அசையாமல் இருந்தால் கால் எவ்வளவு சீக்கிரம் தன் வேலையை மறந்துவிடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் இருப்பவர்களுக்கு இது வேறு மாதிரி புரியும். நாள் முழுக்கத் தரையில் சம்மணம் போட்டு சரம் பின்னுகிறவர்கள், குழாய் உருட்டுகிறவர்கள், திரி வைக்கிறவர்கள் இருக்கும் ஊர்கள் இவை. சாயங்காலம் எழும்போது கால் மரத்து, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடியும். மருந்து இருக்கும் அறையில், கையில் தட்டோடு நடக்கும்போது ஒரு தடுமாற்றம் என்றால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மலை கொடுத்த கால்கள்

1899-ல் ரமணர் மலைமேல் விரூபாக்ஷ குகைக்குப் போனார். 1916 வரை அங்கே. பிறகு 1922 வரை ஸ்கந்தாசிரமம். மொத்தம் 23 வருடம் மலை வாசம். அவர் மறுபடி நடமாட ஆரம்பித்தது இந்தக் காலத்தில்தான். தண்ணீருக்கு, குளிக்க, பிச்சைக்கு, சும்மா சுற்றிப் பார்க்க என்று எல்லாவற்றுக்கும் ஏறி இறங்க வேண்டும். வெறுங்கால், சமமில்லாத பாறை, முள். ஒவ்வொரு அடியும் பார்த்து வைத்தாக வேண்டும்.

ஒருமுறை புதருக்குள் நடந்தபோது தொடை பட்டு குளவிக்கூடு கலைந்துவிட்டது. குளவிகள் மொய்த்துக் கொட்டின. அவர் ஓடவில்லை. கூட்டைக் கலைத்த கால் அது, தண்டனையை அதுவே அனுபவிக்கட்டும் என்று நின்றுவிட்டார். (நீங்கள் இதை முயற்சி செய்ய வேண்டாம்.)

1912-ல் நடந்ததை இன்னும் கவனமாகப் படிக்கணும். பச்சையம்மன் கோயிலில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பழனிசுவாமி, வாசுதேவ சாஸ்திரி ஆகியோருடன் திரும்பி வந்துகொண்டிருந்தார். ஆமைப்பாறை அருகே திடீரென்று கண் முன்னால் வெள்ளைத் திரை விழுந்ததுபோல் காட்சி மறைந்தது. விழுந்துவிடக் கூடாது என்று உடனே நின்றுவிட்டார். தெளிந்ததும் நடந்தார். இரண்டாவது முறை வந்தபோது பாறையில் சாய்ந்துகொண்டார். மூன்றாவது முறை, நிற்பது சரிவராது என்று உட்கார்ந்தார். உடல் நிறம் மாறியது, மூச்சும் நாடியும் நின்றுபோனதாகக் கூட இருந்தவர்கள் பதறினார்கள். சாஸ்திரி அவரைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டார். பத்து, பதினைந்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆகி, எழுந்து குகைக்கு நடந்தார்.

குருமூர்த்தத்தில் விழப்போவதே தெரியாமல் நின்றவர், 15 வருடம் கழித்து நிற்பது, சாய்வது, உட்காருவது என்று படிப்படியாகத் தன் உடம்பின் பேச்சைக் கேட்கிறார். நடுவில் இருந்தது மலையும் நடையும்தான். தலை சுற்றினால் வீராப்பாக நடக்காமல் உட்காருங்கள் என்றுதான் இன்றைய டாக்டரும் சொல்வார். கூடவே, அடிக்கடி வந்தால் வந்து காட்டுங்கள் என்பார்.

கிரிவலம்: நிறைமாதக் கர்ப்பிணியின் நடை

நிறைமாதமாக இருக்கும் ஓர் அரசி எப்படி நடப்பாளோ அப்படி கிரிவலம் போக வேண்டும் என்பது பழைய வழக்கு. ரமணரும் அதையே அடியார்களுக்கு எடுத்துச் சொல்வார். யோசித்துப் பாருங்க. நிறைமாதக்காரி அவசரப்பட மாட்டாள். வயிறு மறைப்பதால் தரையைப் பாதம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு முழுதாக மாறிய பிறகே அடுத்த அடி.

வலப்பக்கம் மலை. சாலையின் மலையோரப் பகுதி கண்ணுக்குத் தெரியாத சித்தர்களுக்கு என்று விட்டுவிட்டு, இடப்பக்கமாக நடப்பது மரபு. ரமணரும் கூட வந்தவர்களும் அப்படித்தான் நடப்பார்கள், வழியில் உட்காருவார்கள், சமைப்பார்கள், பாடுவார்கள், சும்மா இருப்பார்கள்.

சரி, இதுக்கும் பேலன்ஸுக்கும் என்ன சம்பந்தம்? நாம் விழாமல் நிற்க மூன்று இடத்திலிருந்து மூளைக்குத் தகவல் போக வேண்டும்: கண், உள்காது, பிறகு பாதமும் மூட்டும் தசையும். வயதாக ஆக மூன்றும் கொஞ்சம் மங்கும். கவனமும் சிதறினால் சிக்கல். முதியோர் இல்லத்தில் இருந்தவர்களைக் கவனித்த 1997-ம் ஆண்டு ஆய்வு ஒன்றில், நடக்கும்போது பேச்சு கொடுத்தால் நின்றுவிடுகிறவர்களே அடுத்த ஆறு மாதத்தில் அதிகம் விழுந்தது தெரியவந்தது. அவர்களுக்கு நடையே முழுக் கவனத்தையும் கேட்கும் வேலையாகிவிட்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வருடத்துக்கு சுமார் 6,84,000 பேர் விழுந்ததால் இறக்கிறார்கள். அதே நேரம், 2019-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, உடற்பயிற்சி செய்யும் முதியவர்களிடம் விழுவது சுமார் 23 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. பேலன்ஸைப் பழக்கும் பயிற்சிகளுக்கு அதில் முக்கிய இடம்.

ஒன்றைச் சொல்லிவிடணும். ரமணர் பேலன்ஸ் பயிற்சி எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. அவருடைய நோக்கம் நான் யார் என்ற விசாரணை. மெதுவான நடை மனதை அடக்க உதவும் என்பதற்காகவே அவர் கிரிவலத்தை விரும்பினார். காலுக்குக் கிடைத்தது உபரி.

அந்த நடையை வீட்டு வாசலிலும் பழகலாம், அதற்கு மலை வேண்டாம். செல்போனை உள்ளே வைத்துவிட்டு, சுவரோரமாக, குதிகால் முதலில் பதிகிறதா, எடை விரலுக்கு வந்துவிட்டதா, அடுத்த கால் தூக்கும்போது உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தபடி பத்து நிமிடம் நடந்தால் போதும். தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள், எழுவதற்கு முன்னால் காலை நீட்டிக் கணுக்காலை நாலு முறை சுழற்றி, எழுந்து ஒரு நிமிடம் நின்றுவிட்டு முதல் அடி வைப்பது நல்லது. ஏற்கெனவே விழுந்தவர்கள், சர்க்கரையால் பாதம் உணர்ச்சி குறைந்தவர்கள் துணையோடு செய்யட்டும்.

நின்றுபோன கிரிவலம், வந்து சேர்ந்த கம்பு

1922 மே 19-ல் அம்மா அழகம்மாள் இறந்தார். அவர் சமாதி அருகே ரமணர் இறங்கி வந்து தங்கியதில் உருவானதுதான் ரமணாசிரமம். கூட்டம் பெருகியது. அவர் கிரிவலம் கிளம்பினால் ஆசிரமமே காலியாகிக் கூட வந்துவிடும். அதனால் 1926 வாக்கில் கிரிவலத்தை நிறுத்திக்கொண்டார். ஆனால் நடையை விடவில்லை. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பாலாக்கொத்து பக்கம், சாயங்காலம் மலைப்பக்கம் என்று கடைசி வரைக்கும் நேரம் தவறாத நடை.

முழங்காலில் வாதம் வந்தது. தைலம் தேய்ப்பார்கள். கையில் கம்பும் கமண்டலமும் நிரந்தரமாயின. கம்பு பிடிப்பது அவருக்கு ஒரு கௌரவக் குறைச்சலாக இருந்ததாகத் தெரியவில்லை. மலையில் இருந்த காலத்தில் முள் கம்பு ஒன்றை மணிக்கணக்கில் செதுக்கி, கணுக்களை மழித்து, சொரசொரப்பான இலையால் தேய்த்து வழுவழுப்பாக்கி, கம்பைத் தொலைத்துவிட்டு நின்ற ஆடு மேய்க்கும் சிறுவனிடம் கொடுத்தவர் அவர்.

இத்தனை கவனமாக நடந்தவரும் விழுந்தார். ஒருநாள் நாய் ஒன்று அணிலைத் துரத்திக்கொண்டு ஓடியது. இரண்டுக்கும் நடுவில் தன் கம்பை வீசினார். ஊன்றுகோல் கையைவிட்டுப் போனதும் பிடிமானம் தவறிக் கீழே விழுந்து காறை எலும்பு முறிந்தது. நாய் திகைத்து நின்றது, அணில் தப்பியது.

1949 பிப்ரவரியில் இடது கையில் இருந்த கட்டிக்கு முதல் அறுவை சிகிச்சை நடந்தது. புற்றுநோய் என்று தெரிந்து அந்த ஆண்டுக்குள் மேலும் மூன்று முறை அறுவை செய்தும் பலனில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு, 70 வயதில் அவர் மறைந்தார்.

திருச்சுழியில் அவர் பிறந்த வீடு சுந்தர மந்திரம் என்ற பெயரில் இப்போதும் இருக்கிறது. அருப்புக்கோட்டை வழியாகப் போகலாம். திருமேனிநாதர் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இரண்டையும் நடந்தே பார்த்துவிடலாம். 1896 செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலையில் கால் வைத்தவர், ஏறத்தாழ 54 வருடம் அந்த ஊர் எல்லையைத் தாண்டவே இல்லை. திருச்சுழிக்கும் திரும்பி வரவில்லை.