எழுத்தறியாதார்க்கும் வழி செய்தவர்

2019-ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில்தான் நான் முதன்முதலாக வாக்களித்தேன். பந்தல்குடி வாக்குச்சாவடியில் என் கையில் நான்கு சீட்டுகளைத் தந்தனர். ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டுக்குப் பச்சை, மாவட்ட வார்டுக்கு மஞ்சள். கல்லூரியில் சேர்ந்திருந்த நானே சற்றுத் திகைத்தேன். எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பத்தாவோ சின்னம் பார்த்து முத்திரை குத்தி, மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு எனக்கு முன்னே வெளியே வந்து நின்றார். தாம் முதலில் ஓட்டுப் போட்ட 1957-இல் முத்திரையே கிடையாது, வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி என்றார். அந்த ஏற்பாட்டைச் செய்தவர் யார் என நூலகத்தில் தேடினேன். கிடைத்த பெயர் சுகுமார் சென்.

வங்கத்தில் பிறந்தவர். கல்கத்தா மாநிலக் கல்லூரியிலும் இலண்டன் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர், கணிதத்தில் வல்லவர். ஐ.சி.எஸ். அதிகாரியாகி, மேற்கு வங்கத் தலைமைச் செயலாளராக உயர்ந்தவர், 1950 மார்ச்சில் இந்தியாவின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையரானார்.

அவர் முன் நின்ற கணக்கு எளியதன்று. வாக்காளர்கள் ஏறத்தாழ 17 கோடி. அவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். பெயரைப் படிக்க இயலாதவனுக்குப் பெயர் அச்சிட்ட சீட்டால் பயன் என்ன? ஆகவே சீட்டில் வேட்பாளர் பெயரே இல்லை. ஒரு ரூபாய்த் தாள் அளவில், கள்ள அச்சுக்கு இடமின்றி, நாசிக் அச்சகத்தில் அது அச்சாயிற்று. ஒவ்வொரு வேட்பாளர் பெட்டியிலும் ஏர்மாடு, குடிசை, மரம் என மக்கள் அன்றாடம் காணும் சின்னங்கள் ஒட்டப்பட்டன. விரும்பிய பெட்டியில் சீட்டைப் போடுவதே வாக்கு. இவ்வண்ணம் 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை முதல் பொதுத்தேர்தல் நடந்தேறியது.

அவர் எடுத்த கடுமையான முடிவும் ஒன்றுண்டு. வட மாநிலங்களில் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்லாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிந்திருந்தனர். சொந்தப் பெயர் தராத ஏறத்தாழ 28 லட்சம் பேர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். அத்தனை பேர் வாக்கிழந்தது கொடுமையல்லவா என்று முதலில் எனக்குத் தோன்றியது. பிறகு அப்பத்தாவை நினைத்தேன். எங்கள் தெருவில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பார் எவருமில்லை. என் அப்பாவின் அம்மா என்றுதான் சொல்வார்கள். வாக்குச்சாவடியில் மட்டுமே அவர் பெயர் உரக்க வாசிக்கப்படுகிறது! இழப்பு பெரிதே, ஆயினும் அந்தப் பிடிவாதத்தின் பொருள் எனக்கு விளங்கியது.

தனிப்பெட்டி முறையில் குறையும் இருந்தது. அடையாளமிடாத சீட்டைப் பெட்டியில் போடாமல் வெளியே கடத்திவிடலாம். 1962 பொதுத்தேர்தலில் எல்லா வேட்பாளர் பெயரும் சின்னமும் ஒரே சீட்டில் ஏறி, முத்திரை குத்தும் முறை பரவலாயிற்று. பெட்டிகள் போயின, சின்னம் நிலைத்தது. இன்றைய மின்னணு இயந்திரத்தில் ஒட்டும் தாளிலும் அது இருக்கிறது.

1953-இல் சூடான் நாட்டின் தேர்தலையும் சென் நடத்திக் கொடுத்தார். 1958-இல் ஓய்வுபெற்று, பின்னர் பர்துவான் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகி, 1963-இல் மறைந்தார். அவர் பெயரை என் அப்பத்தா கேட்டதில்லை. ஆனால் அவர் பெயரைப் பட்டியலில் எழுதச் செய்தவர் அவரே. மாணவ நண்பர்களே, வரிசையில் நிற்கும்போது அம்மனிதரையும் ஒரு கணம் நினைப்போமாக!