25 ரன்னில் பம்பாயை வீழ்த்திய பேராசிரியர்

புனேயில் எஸ்.பி. கல்லூரியில் சமஸ்கிருதம் கற்பித்தவர் தினகர் பல்வந்த் தியோதர். இந்திய கிரிக்கெட்டின் மூத்த பிள்ளை என்றே அவரைச் சொல்லலாம்.

1892 ஜனவரி 14-ந் தேதி பிறந்தார். இன்று நாம் பொங்கல் வைக்கும் தேதி. 1926-ல் ஆர்தர் கில்லிகன் தலைமையில் வந்த எம்.சி.சி. அணிக்கு எதிராக பம்பாயில் 148 ரன் குவித்தார். இந்தியருக்கும் டெஸ்ட் ஆடத் தகுதி உண்டு என்பதற்கு அந்த ஆட்டம் ஒரு சாட்சி. ஆனால் 1932-ல் இந்தியா முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது 40. இடம் கிடைக்கவில்லை. கடைசிவரை ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை.

சட்டம் அறிந்த கேப்டன்

ரஞ்சி கோப்பையில் அப்போது தோற்றவர் வெளியேறும் முறை. ஆட்டம் முடியாவிட்டால் முதல் இன்னிங்சில் அதிக ரன் எடுத்தவருக்கே வெற்றி. எதிரியை இரண்டு முறை அவுட் ஆக்கத் தேவையில்லை. ஒரு ரன் கூடுதலாக இருந்தால் போதும். ஆகவே விக்கெட்டை விடாமல் நாள் கணக்கில் ஆடுவதே புத்திசாலித்தனம். பார்ப்பவருக்கு அலுப்புதான். ஆனால் விதி அப்படி!

1940-ல் புனேயில் பம்பாயுடன் மோதல். மராட்டிய அணி 675 ரன். 48 வயது கேப்டன் தியோதர் மட்டும் 246. பம்பாயும் சளைக்கவில்லை, 650 வரை வந்தது. 650 ரன் எடுத்தும் தோல்வி! வித்தியாசம் வெறும் 25.

கணக்கு முறையே வீரனைத் தீர்மானிப்பது கார் பந்தயத்திலும் உண்டு. 1958 உலகப் போட்டியில் ஸ்டர்லிங் மாஸ் 4 பந்தயங்களில் வென்றார். ஒன்றே ஒன்றில் வென்ற மைக் ஹாதார்ன், இரண்டாம் இடங்களில் சேர்த்த புள்ளிகளால் 42-41 என்று பட்டத்தைத் தட்டிச் சென்றார்.

அந்த ஆண்டு இறுதி ஆட்டம் சென்னையில். அங்கே முதல் இன்னிங்ஸ் கணக்கு தேவைப்படவில்லை. சென்னை அணியை 6 விக்கெட்டில் தோற்கடித்து, மராட்டியம் தொடர்ந்து இரண்டாம் முறையாகக் கோப்பையை வென்றது.

1944-ல், 50 வயதைத் தாண்டிய பிறகு, நவாநகர் அணிக்கு எதிராக இரண்டு இன்னிங்சிலும் சதம் (105, 141) அடித்தார். பின்னர் ஓய்வு பெற்றார். பத்மஸ்ரீ, பத்மபூஷண் விருதுகள் வந்தன.

1973-ல் அவர் பெயரில் தியோதர் கோப்பை தொடங்கியது. அது ஒரு நாள் ஆட்டம். முதல் இன்னிங்ஸ் முன்னிலைக்கு அங்கே வேலையே இல்லை.

1993 ஆகஸ்டு 24-ந் தேதி, 101-வது வயதில் தியோதர் காலமானார்.