பேச்சுவார்த்தையை நம்பிய தலைவர் பி.பி. நாராயணன்

என் தாத்தா ஈஜோக் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர். எங்கள் வீட்டில் தொழிற்சங்கப் பேச்சு எழுந்தால் அது சண்டையில்தான் முடியும். பி.பி. நாராயணன் இல்லாவிட்டால் துரை வைத்ததுதான் சட்டமாக இருந்திருக்கும் என்பார் பாட்டி. போராட வேண்டிய நேரத்திலும் பேசிக்கொண்டே இருந்தவர் அவர் என்பார் தாத்தா. யார் சொல்வது சரி என்று அறியத்தான் நான் அவரைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

1923இல் கேரளத்தில் பிறந்த நாராயணன் மலாயாவில் தொழிற்சங்கப் பணியில் இறங்கிய காலம் சாதாரணமானதன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது அரசு படையை இறக்கியது; உயிர்கள் போயின; நாதன் நாடு கடத்தப்பட்டார். 1948இல் அவசரகாலம் வந்தது. மறுவருடமே தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். சங்கம் என்ற சொல்லையே மக்கள் மெதுவாக உச்சரித்த நாட்கள் அவை. நாராயணன் ஏன் பேச்சுவார்த்தை மேசையைத் தேர்ந்தெடுத்தார் என்பதை இதை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

1954இல் தனித்தனியாக இயங்கிய சங்கங்கள் இணைந்து தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதன் பொதுச் செயலாளர் அவர்தான். அதன் பிறகு ஒரு தொழிலாளி தன் குறையோடு துரையின் பங்களா முன் தனியே நிற்க வேண்டியதில்லை. கிளைச் செயலாளர் கிராணியிடம் பேசுவார். அங்கே தீராவிட்டால் விவகாரம் மாநில அலுவலகத்துக்குப் போகும். கூலி விகிதம் போன்ற பெரிய விஷயங்களைச் சங்கமும் முதலாளிமார் அமைப்பும் நேருக்கு நேர் அமர்ந்து பேசி எழுத்தில் ஒப்பந்தமாக்கும். ஈஜோக்கில் மரம் சீவுபவருக்கும் ஜொகூரில் சீவுபவருக்கும் ஒரே ஒப்பந்தம்! பாட்டியின் பெருமை இதுதான். 1962இல் ரமோன் மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது. 1975 முதல் 1992 வரை அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராகவும் இருந்தார்.

தாத்தாவின் கோபம் வேறிடத்தில் இருந்தது. 1967ஆம் ஆண்டின் தொழிலியல் உறவுச் சட்டப்படி, இரு தரப்பும் ஒத்துவராவிட்டால் தொழிலியல் உறவுத் துறை சமரசம் பேசும். அதுவும் தோற்றால் அமைச்சர் விவகாரத்தைத் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அனுப்பிய பிறகு வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. நடுவர் வருவது நல்லதுதான். ஆனால் அவர் வரும்போது தொழிலாளியின் கையிலிருந்த ஒரே ஆயுதம் கீழே வைக்கப்படுகிறது. முதலாளிக்கோ காத்திருப்பதில் நட்டம் குறைவு.

மழை பெய்தால் மரம் சீவ முடியாது, சீவாவிட்டால் கூலி இல்லை. ரப்பர் விலை இறங்கினால் கூலியும் இறங்கும். அதனால்தான் மாதச் சம்பளம் கேட்டார்கள். 1990இல் அதற்காக வேலைநிறுத்தமே நடந்தது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போக, தொழிலாளர்கள் மறுபடி பெரட்டுக்குத் திரும்பினார்கள். 1996இல் நாராயணன் மறைந்தபோதும் தாத்தா நாட்கூலிதான். தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் சட்டமானது 2013இல். அதற்குள் தாத்தா தோட்டத்தில் இல்லை.

1954இல் நான் இருந்திருந்தால் பாட்டியோடு நின்றிருப்பேன். 1990இல் தாத்தாவோடு.

நிலம் கைமாறியபோது எங்கள் குடும்பமும் லயத்தைக் காலி செய்தது. ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் இருபது நாள் சம்பளம் நிவாரணம் என்பது விதி. நாட்கூலி சிறியது என்பதால் கணக்கும் சிறியதாகவே வந்தது. வீட்டைப் பற்றி அந்தக் கணக்கில் ஒன்றுமில்லை. சாமான்களைக் கட்டும்போது பழைய சந்தா ரசீதுகள் ஒரு கட்டு அகப்பட்டன. அவற்றை எறிய வேண்டாமென்று வாங்கிப் பெட்டியில் வைத்தவர் தாத்தாதான்.