டோரதி நடந்த மலைகள்

1794ஆம் ஆண்டு வசந்த காலத்தில், இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள கெண்டல் நகரிலிருந்து 22 வயதுப் பெண் ஒருவர் தம் அண்ணனுடன் நடக்கத் தொடங்கினார். கிராஸ்மியர் வரை 18 மைல். பிறகு அங்கிருந்து கெஸ்விக் வரை 15 மைல். மொத்தம் ஏறத்தாழ 53 கிலோமீட்டர். செய்தி காதுக்கு எட்டியதும் மாமி முறை உறவினர் ஒருவர் கண்டித்துக் கடிதம் எழுதினார். நல்ல குடும்பத்துப் பெண் இப்படிச் சாலையில் கால்நடையாகத் திரியலாமா என்பது அவருடைய கவலை. அந்தப் பெண் எழுதிய பதில் பணிவானது, ஆனால் விட்டுக்கொடுக்காதது. இயற்கை கொடுத்த உடல் வலிமையைத் துணிந்து பயன்படுத்தியதைக் கேட்டு உறவினர்கள் மகிழ்வார்கள் என்றுதான் எண்ணியதாகச் சொன்னார். வண்டியில் உட்கார்ந்து போவதைவிட நடந்ததில் இன்பம் அதிகம் என்றார். வண்டிக் கூலியில் குறைந்தது 30 ஷில்லிங் மிச்சம் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

அந்த 30 ஷில்லிங் கணக்கைப் படித்தபோதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அவர் பெயர் டோரதி வொர்ட்ஸ்வொர்த். அண்ணன் வில்லியமை நம்மில் பலர் உயர்நிலைப் பள்ளி ஆங்கில இலக்கிய வகுப்பில் சந்தித்திருப்போம். ஏரிக்கரையில் ஆடும் மஞ்சள் டாஃபடில் மலர்களைப் பாடியவர் அவர்தான். தங்கையின் நாட்குறிப்பு என் கைக்கு வந்தது பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகுதான். கவிதையைவிட அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

டோரதி 1771 டிசம்பர் 25ஆம் தேதி கோக்கர்மத் என்ற சிற்றூரில் பிறந்தார். ஆறு வயதில் தாயை இழந்தார். உடனே அவரை ஹாலிஃபாக்ஸில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான்கு சகோதரர்களை மீண்டும் பார்க்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. அதற்குள் தந்தையும் இறந்துவிட்டார். உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்த அந்தப் பெண்ணுக்கு ஒரே ஆசை, அண்ணனோடு சொந்தமாக ஒரு வீடு. 1795இல்தான் அது கைகூடியது.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவர்கள் தென்மேற்கே சாமர்செட் பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே குவாண்டாக் குன்றுகள் இருக்கின்றன. மரங்கள் குறைந்து, ஹெதர் புதர் படர்ந்த திறந்த மேட்டுநிலம். உச்சியில் நின்றால் பிரிஸ்டல் கால்வாயின் கடல் தெரியும். பக்கத்து ஊரில் கவிஞர் கோல்ரிட்ஜ் வசித்தார். மூவரும் இரவு பகல் பாராமல் கையில் குறிப்பேடுகளோடு குன்றுகளில் சுற்றினார்கள். அப்போது இங்கிலாந்து பிரான்சுடன் போரில் இருந்தது. ஊரார் இவர்களை வேவு பார்ப்பவர்கள் என்று சந்தேகிக்க, அரசாங்கம் உண்மையிலேயே ஓர் ஒற்றரை அனுப்பி விசாரித்தது! காரணமில்லாமல் யாராவது மலையில் நடப்பார்களா என்ற கேள்வி அக்காலத்தில் அவ்வளவு இயல்பாக எழுந்தது. வீட்டுக் குத்தகையும் அதன்பின் நீட்டிக்கப்படவில்லை.

1799 டிசம்பரில் அண்ணனும் தங்கையும் பென்னைன் மலைத்தொடரைக் கடந்து, பாதித் தூரம் நடந்தே, கிராஸ்மியருக்கு வந்து சேர்ந்தார்கள். இது ஏரி வட்டாரம். சிறு சிறு பள்ளத்தாக்குகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஏரி, சுற்றிலும் ‘ஃபெல்’ எனப்படும் மொட்டை மலைகள். அடுத்த ஆண்டு மே மாதம் 14ஆம் தேதி டோரதி நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார். ரொட்டி சுட்டது, துணி துவைத்தது, தலைவலி வந்தது, நிலா எழுந்தது எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். கடிதம் வந்திருக்கிறதா என்று பார்க்க அவர் ஆம்பிள்சைட் வரை நடந்தார். வழியில் பிச்சைக்காரர்களிடமும் ஊர் திரும்பும் வீரர்களிடமும் நின்று பேசினார். அட்டை பிடித்து விற்றுப் பிழைத்த ஒரு முதியவரை அவரும் வில்லியமும் சந்தித்தார்கள். அவர் நிலையை டோரதி எழுதி வைத்தார். பின்னர் அதே முதியவர் வில்லியமின் புகழ்பெற்ற கவிதை ஒன்றில் இடம்பிடித்தார்.

நடை அவர்களுக்குப் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. கோல்ரிட்ஜ் கெஸ்விக்கில் குடியேறிய பிறகு, 950 மீட்டர் உயர ஹெல்வெலின் மலையைத் தாண்டி ஓர் இரவு 11 மணிக்கு வந்து நின்றார். டோரதி அப்போது நிலா வெளிச்சத்தில் தோட்டத்தில் உலவிக்கொண்டிருந்தார். 1800 செப்டம்பரில் கடலோடியான தம்பி ஜான் விடைபெற்றபோது, வீட்டு வாசலோடு நிற்காமல் மலை மேலே கிரைஸ்டேல் சிற்றேரி தெரியும் இடம்வரை உடன் சென்று வழியனுப்பினார்கள். அவர் கீழிறங்கி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள். 1805இல் அவர் தலைமையேற்ற கப்பல் மூழ்கியது, ஜான் திரும்பவில்லை.

டாஃபடில் கதைக்கு வருவோம். 1802 ஏப்ரல் 15ஆம் தேதி, பலத்த காற்றில், அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அந்த மலர்க்கூட்டத்தைக் கண்டவர்கள் இருவர். டோரதி அதைத் தம் நாட்குறிப்பில் எழுதினார்: மலர்கள் கற்கள்மேல் தலை சாய்த்து ஓய்வெடுப்பதுபோல் இருந்ததையும், மற்றவை காற்றோடு சிரிப்பதுபோல் ஆடியதையும். வில்லியம் கவிதையை எழுதியது இரண்டு ஆண்டுகள் கழித்து. கவிதையில் நடப்பவர் தனியாள். தங்கை அங்கே இல்லை. இதைத் திருட்டு என்று சொல்ல நான் தயாராக இல்லை. டோரதியே அண்ணனுக்கு மகிழ்ச்சி தருவதற்காகத்தான் எழுதுவதாகத் தொடக்கத்தில் குறித்திருக்கிறார். ஆனாலும் அடுத்த முறை அந்தக் கவிதையைப் படிக்கும்போது அங்கே இன்னொருவரும் நின்றார் என்பதை நீங்கள் நினைத்துக்கொள்ளலாம்.

மலை அழகு மட்டும் அவர் கண்ணில் படவில்லை. 1808 மார்ச்சில் லாங்டேலிலிருந்து பனிப்புயலில் மலையைக் கடந்து வீடு திரும்பிய ஏழைத் தம்பதி வழியிலேயே இறந்தார்கள். எட்டுப் பிள்ளைகள் அனாதைகளானார்கள். டோரதி அவர்களுக்கு உதவி திரட்டப் பாடுபட்டார். நடந்ததை விரிவாக எழுதினார். அச்சிடச் சொன்னபோது மறுத்துவிட்டார். உயிரோடிருக்கும் அந்தப் பிள்ளைகள் ஊர் பேசும் பொருளாகக் கூடாது என்பது அவர் எண்ணம். அது 1936இல்தான் நூலாக வந்தது.

1818 அக்டோபர் 7ஆம் தேதி, 46 வயதில், டோரதி ஸ்கேஃபெல் பைக் ஏறினார். இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரம் அது. 978 மீட்டர், நம் புக்கிட் தீமாவைப்போல் ஆறு மடங்கு. உடன் வந்தவர் தோழி மேரி பார்க்கர். வழிகாட்டியாக அந்தப் பள்ளத்தாக்கின் ஆட்டிடையர் ஒருவர். அண்ணன் உடன் இல்லை. எஸ்க் ஹாஸ் என்ற கணவாய்வரை போவதுதான் திட்டம். வானம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் மேலே போகத் துணிந்தார்கள். உச்சியில் புல்கூட இல்லை, வண்ண வண்ணப் பாசி படிந்த பாறைகள்தான். காற்றே இல்லை, சாப்பாடு கட்டி வந்த காகிதம்கூட அசையவில்லை.

தூரத்துக் கடலில் ஒரு கப்பல் தெரிகிறது என்று டோரதி காட்டினார். கப்பல்தானா என்று இடையர் கேட்டார். சந்தேகமே இல்லை, கப்பல் பார்த்துப் பழகிய கண் என்று தோழி அடித்துச் சொன்னார். இடையர் வாதாடவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, உங்கள் கப்பல் இப்போது குதிரையாகிவிட்டதே என்றார் அமைதியாக. அது மேகம்! எல்லோரும் சிரித்தார்கள். படித்த பெண்களைவிட மலைக்காரருக்கு மலை தெரியும் என்பதை டோரதி மறைக்காமல் எழுதியது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அந்த ஏற்றத்தை அவர் ஒரு கடிதத்தில் விவரித்தார். 1822இல் வில்லியம் வெளியிட்ட ஏரி வட்டார வழிகாட்டி நூலில் அது சேர்ந்தது. நண்பருக்கு எழுதிய கடிதத்தின் பகுதி என்ற குறிப்பு மட்டும்தான். எழுதியவர் பெயர் இல்லை. அட்டையில் இருப்பது வில்லியமின் பெயர். நூலை வாங்கியவர்கள் மலை ஏறியவரும் அவரே என்று எண்ணியிருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

1829இல் டோரதி கடும் நோயில் விழுந்தார். பழைய கால்வலிமை திரும்பவே இல்லை. 1832இல், படுக்கையருகே யாரோ கொண்டுவந்து வைத்த வசந்தத்தின் முதல் பூக்களைப் பார்த்து ஒரு கவிதை எழுதினார். நடந்த இடங்களெல்லாம் நினைவில் இருப்பதால் எழுந்து போகத் தேவையில்லை என்பது அதன் பொருள். 1835க்குப் பிறகு மனமும் தளர்ந்தது. அண்ணன் குடும்பம் அவரைக் கைவிடவில்லை. ரைடல் மவுண்ட் வீட்டில் இருபது ஆண்டுகள் பராமரிக்கப்பட்டார். வில்லியம் 1850இல் இறந்தார். டோரதி 1855 ஜனவரி 25ஆம் தேதி, 83 வயதில். நாட்குறிப்புகள் அவர் பெயரிலேயே நூலாக வந்தது 1897இல்.