மேலவையில் அண்ணல் அம்பேத்கர்

அண்ணல் அம்பேத்கரைப் பற்றி நம் இளைஞர்களிடம் கேட்டால் மகாட் குளத்தைச் சொல்வர். அரசியலமைப்புச் சட்டத்தைச் சொல்வர். நாகபுரியில் பௌத்தம் தழுவியதைச் சொல்வர். வாழ்வின் இறுதி நான்கரை ஆண்டுகளில் அப்பெருமகனார் நாடாளுமன்றத்தில் எந்த அவையில், எந்தக் கட்சியின் பெயரால் அமர்ந்திருந்தார் என்று கேட்டால் விடை வருவதில்லை. குடிமையியல் பாடம் நடத்துகையில் நாம் பன்முறை கண்ட உண்மை இது. ஆதலின் அவர்தம் வாழ்க்கை முழுவதையும் ஈண்டு விரிக்காமல், அவர் ஒவ்வொரு சபைக்குள்ளும் எந்த வாயில் வழியே நுழைந்தார் என்பதை மட்டும் எடுத்துரைக்க விழைகிறோம்.

1891 ஏப்ரல் 14இல் மாவ் என்னும் படைவீரர் குடியிருப்பில் பிறந்து, கொலம்பியாவிலும் இலண்டனிலும் உயர்கல்வி பெற்றுத் திரும்பிய வரலாறு யாவரும் அறிந்ததே. 1926ஆம் ஆண்டின் இறுதியில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினரானார். அது பிறர் திறந்துவிட்ட வாயில். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்து, மறு ஆண்டுத் தேர்தலில் வென்று சட்டசபை புகுந்தார். இது தாமே திறந்த வாயில். 1942இல் நாகபுரியில் ஷெட்யூல்டு வகுப்பினர் பெடரேஷன் உருவாயிற்று. அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நம் சென்னையைச் சேர்ந்த என். சிவராஜ் அவர்கள் என்பதை இளைஞர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

1946இல் பெடரேஷன் பெருந்தோல்வி கண்டது. அரசியல் நிர்ணய சபைக்குப் பம்பாயிலிருந்து அண்ணல் செல்ல வழியில்லாமற் போயிற்று. அப்போது ஜோகேந்திரநாத் மண்டல் முதலானோரின் முயற்சியால் வங்காளச் சட்டசபை அவரைத் தேர்ந்தெடுத்தனுப்பியது. நாடு பிரிக்கப்பட்டதும் அந்த இடமும் பறிபோயிற்று. 1947 ஜூலையில் காங்கிரஸ் கட்சியின் ஆதரவோடு பம்பாயிலிருந்து மீண்டும் தேர்வானார். எக்கட்சியை ஆண்டாண்டுக் காலம் எதிர்த்தாரோ அக்கட்சியின் வாக்குகளால் சபையேறி, அதன் அமைச்சரவையில் சட்ட அமைச்சராகவும் வீற்றிருந்தார். எனினும் அவர் காங்கிரசில் சேர்ந்தாரில்லை. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டமை முதலிய காரணங்களால் 1951 செப்டம்பரில் பதவியைத் துறந்தார்.

அடுத்து வந்தது முதற் பொதுத்தேர்தல். வடக்குப் பம்பாய் இரட்டை உறுப்பினர் தொகுதியில் நின்ற அண்ணலைக் காங்கிரஸ் வேட்பாளர் கஜ்ரோல்கர் 14,561 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். அரசியலமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவருக்கு அச்சட்டத்தின் கீழ் நடந்த முதல் தேர்தலிலேயே மக்களவையில் இடமில்லை! பெடரேஷன் சார்பில் மக்களவை சென்றோர் நாடு முழுவதிலும் இருவரே.

இங்கேதான் மேலவையின் வாயில் வருகிறது. மாநிலங்களவைக்கு மக்கள் நேராக வாக்களிப்பதில்லை. சட்டமன்ற உறுப்பினர்கள் விகிதாசார முறையில் ஒற்றை மாற்று வாக்கால் தேர்ந்தெடுப்பர். அன்றைய பம்பாய்ச் சட்டசபையின் உறுப்பினர் 315 பேர். நிரப்பவேண்டிய மேலவை இடங்கள் 17. கணக்கிட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 18 வாக்குகள் சேர்த்தவர் வெற்றி பெறலாம். பெரும்பான்மைக் கட்சி எல்லா இடங்களையும் அள்ளிக்கொண்டு போகாதவாறு சிறு அணிகளுக்கும் இடமளிக்கும் முறை இது. பெடரேஷனுக்கோ அச்சபையில் விரல்விட்டு எண்ணத்தக்க பலமும் இல்லை. பிற கட்சியினரின் வாக்குகளும் சேர்ந்தே அவரை அனுப்பின. 1952 ஏப்ரலில் அவர் உறுப்பினரானார். 12 நியமன உறுப்பினர்கள் உட்பட 216 பேர் கொண்ட அவையில், டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமை வகிக்க, அண்ணல் பெடரேஷன் உறுப்பினராகவே எதிர்வரிசையில் அமர்ந்தார். பிறர் வாக்கைப் பெற்றமைக்காகத் தம் கட்சிப் பெயரை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

இன்று கட்சித்தாவல் தடைச் சட்டம் 1985 முதல் இருக்கிறது. மேலவைத் தேர்தலும் 2003 முதல் வெளிப்படையான வாக்கெடுப்பாயிற்று. அன்று இவ்விரண்டும் இல்லை. ஆளுங்கட்சியோடு போய்ச் சேர்ந்திருந்தால் அவரைத் தடுக்கச் சட்டம் ஏதும் இருந்ததில்லை என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

மேலவை ஆசனம் கையிலிருக்கவும், 1954இல் பண்டாரா இடைத்தேர்தலில் மக்களவைக்கு நின்றார், மீண்டும் தோற்றார். இதை வீண் முயற்சி என்போர் உளர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டமன்ற உறுப்பினர் தரும் இடத்தினும் சேரிமக்கள் நேராகத் தரும் இடமே பெரிதென அவர் கருதினார் போலும்.

தனியொருவர் அவையில் என்ன செய்ய இயலும்? 1953 செப்டம்பரில், சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரத்தைப் பிரிக்கும் மசோதா வந்தது. மொழிவாரி மாநிலத்தில் எண்ணிக்கையிற் சிறுத்த மக்களைக் காப்பவர் யார் என்று வினவினார். அவ்விவாதத்தின் சூட்டில், தாம் வரைந்த அரசியலமைப்பையே வேண்டாமென்னும் அளவுக்குக் கடிந்து பேசினார். அச்சினத்தை மட்டும் இன்றும் பலர் எடுத்துக்காட்டுவர். அதற்கு முன் அவர் கேட்ட வினாவை விட்டுவிடுவர்.

நம் சமூகத்தார் தவறாது அறியவேண்டியது மற்றொன்று. 1954 செப்டம்பரில் தீண்டாமைக் குற்றங்கள் மசோதா மாநிலங்களவைக்கு வந்தபோது அண்ணல் எழுந்து அதன் பெயரையே குறை கூறினார். தீண்டாமை என்பதைத் தலைப்பிலேயே பொறிப்பதைவிட, தீண்டப்படாதோரின் குடியுரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் என வழங்குவதே தகும் என்பது அவர் கருத்து. பெயரில் என்ன இருக்கிறது என்று நம் மாணவர்கள் கேட்பதுண்டு. தீண்டாமைக் குற்றம் என்றால், மேலோர் செய்யும் பிழையைச் சர்க்கார் தண்டிக்கிறது என்ற அளவோடு நின்றுவிடும். குடியுரிமை என்றாலோ, கிணற்றில் நீர் எடுப்பதும் கடைக்குள் செல்வதும் நம்முடைய உடைமை. பறித்தவன் திருப்பித் தரக் கடமைப்பட்டவன்.

தனியொருவர் குரல் அன்று எடுபடவில்லை. மசோதா பழைய பெயரோடே சட்டமாகி 1955 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. குற்றங்களில் பெரும்பாலானவற்றை நீதிமன்ற அனுமதியோடு ராஜி செய்துகொள்ளலாம் என்ற பிரிவும் அதில் இருந்தது. பண்ணையாரின் நிலத்தில் கூலிக்கு நிற்பவனை ராஜிக்கு இணங்க வைப்பது எத்துணை எளிது என்பதைச் சிற்றூர்களில் வாழ்ந்த நாம் அறிவோம்.

1956 டிசம்பர் 6இல் டெல்லி அலிப்பூர் சாலை இல்லத்தில் அண்ணல் மறைந்தார். அப்போதும் அவர் மாநிலங்களவை உறுப்பினரே. அவர் திட்டமிட்ட குடியரசுக் கட்சி மறு ஆண்டு அக்டோபரில்தான் பிறந்தது. ஆக, மேலவையில் அவர் இறுதிவரை பெடரேஷன்காரராகவே இருந்தார். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976இல் திருத்தப்பட்டது. ராஜிப் பிரிவு நீங்கியது. அவ்வாண்டு நவம்பர் 19 முதல் அதன் பெயர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்றாயிற்று.