டாக்டர் ஞானசந்திர கோஷ்

சத்தியேந்திரநாத் போஸையும் மேகநாத் சாகாவையும் நாம் நன்கறிவோம். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் அவ்விருவருடன் பயின்றவர் ஞானசந்திர கோஷ். பிழைப்புத் தேடிச் சித்தூருக்கு வந்த தமிழ்க் குடும்பத்திற் பிறந்து, திருப்பதியில் வினையூக்கிகளை ஆராயும் எனக்கு அவர் வாழ்வே வழிகாட்டி.

1894-இல் புருலியாவில் பிறந்த அவர், ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராயிடம் இரசாயனம் கற்றார். உப்பு நீரில் கரையும்போது முழுவதும் அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது என்ற அடிப்படையில் 1918-இல் அவர் வெளியிட்ட கொள்கை, ஐரோப்பிய அறிஞரின் கவனத்தையும் ஈர்த்தது. ஆனால் 1923-இல் டிபை, ஹூக்கல் என்போர் இதனினும் பொருத்தமான கொள்கையை நிறுவினர்; கோஷின் கணக்கு பின்தங்கிற்று. முப்பது வயதை எட்டுமுன் இத்தகைய அடி விழுந்தால் நம்மில் எத்தனை பேர் நிமிர்ந்து நிற்போம்? டாக்காவில் பேராசிரியராயிருந்த கோஷ் ஆராய்ச்சியை விடவில்லை.

1939-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைமை அவரை வந்தடைந்தது. அது யுத்த காலம். பெட்ரோல் கப்பலில் வரவேண்டும். நிலக்கரியோ நம் நாட்டில் ஏராளம். கரியை நீராவியால் வாயுவாக்கி, அவ்வாயுவைக் கோபால்ட் அல்லது இரும்பு வினையூக்கியின் மீது செலுத்தினால் எண்ணெய் கிடைக்கும். இது பிஷர், டிராப்ஷ் என்னும் இருவர் ஜெர்மனியில் கண்ட வழி. கோஷ் தம் மாணவருடன் இத்துறையில் இறங்கினார்.

இதில் இடர் யாது? வினையூக்கி நாளடைவில் சோர்ந்துவிடும். கரியிலிருந்து வரும் கந்தகம் அதன் பரப்பைப் பற்றி நஞ்சாகிறது. வினையில் விளையும் மெழுகும் கரிப்படிவும் நுண்துளைகளை அடைக்கின்றன. வெப்பம் மிகுந்தால் துகள்கள் ஒட்டிப் பருத்து, பரப்பு குறைகிறது. மெழுகை ஹைட்ரஜனால் நீக்கலாம். கந்தக நஞ்சை நீக்குவது மிக அரிது. ஆகவே வாயுவை முன்னரே தூய்மை செய்தல் வேண்டும். இத்தகைய வினையூக்கிகளின் பரப்பில் வாயுக்கள் எவ்வாறு படிகின்றன என்பதைக் கோஷ் குழுவினர் பொறுமையோடு அளந்தனர். புகழ் தரும் வேலையன்று அது. எனினும் அது தெரியாமல் ஆலை எழுப்ப இயலாது.

பின்னர் காரக்பூர் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநராகவும், கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும், திட்டக் குழு உறுப்பினராகவும் பணிபுரிந்து 1959-இல் மறைந்தார்.

இன்றும் நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. கோஷ் தொட்ட வேலை இன்னும் முடிந்தபாடில்லை. நம் சோதனைச்சாலையில் ஊக்கி சோர்ந்தால் அதைத் தூக்கி எறியுமுன், ஏன் சோர்ந்தது என்று கேட்போம். ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகிறது.