வேலன் வேஷத்துக்குள் ஓர் உடம்பு: எஸ்.ஜி. கிட்டப்பா

ஓம் சரவணபவ!



போன பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். கோயில் திடலில் வழக்கம்போல வள்ளி திருமணம் நாடகம். ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு விடிய விடிய நடக்கும். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் சூடு பிடிச்ச நேரம், தண்ணி குடிக்க மேடைக்குப் பின்னாடி போனேன். அங்கே முருகன் வேஷம் கட்டின அண்ணன் ஒரு டிரங்குப் பெட்டி மேல சாஞ்சு உட்கார்ந்திருந்தார். கையில வெந்நீர் டம்ளர். கண்ணை மூடிக்கிட்டு தொண்டையைத் தடவிக்கிட்டே இருந்தார். தொடர்ந்து ஒன்பதாவது ராத்திரியாம் அவருக்கு. தினமும் வேற வேற ஊர். பகல்ல வேன்லதான் தூக்கமாம்.

கொஞ்ச நேரத்துல அவர் முறை வந்துச்சு. எழுந்தார், கிரீடத்தைச் சரி பண்ணினார், மேடைக்குப் போனார். அவ்வளவுதான், ஆளே மாறிட்டார். கீழே எங்க பசங்க எல்லாரும் போனைத் தூக்கி வீடியோ எடுக்கிறாங்க. ஒரு பாட்டு முடிஞ்சதும் ஒன்ஸ் மோர் கேட்டு விசில். எப்பவும் நானும் சேர்ந்து விசிலடிப்பேன். அன்னைக்கு முடியல.

அந்த ராத்திரிக்கு அப்புறம் எனக்கு அடிக்கடி ஞாபகம் வர்றவர் எஸ்.ஜி. கிட்டப்பா. நம்மில் பல பேருக்கு கே.பி. சுந்தராம்பாள் அம்மாவைத் தெரியும். திருவிளையாடல் படத்தில் ஔவையாராக வந்து முருகனைச் சமாதானப்படுத்துவாங்களே, அவங்கதான். அவங்க கணவர்தான் கிட்டப்பா. ஒரு காலத்தில் தமிழ்நாடும் இலங்கையும் கொண்டாடின வேலன். 27 வயசுலயே போய்ச் சேர்ந்துட்டார்.

செங்கோட்டைப் பையன்

கிட்டப்பா பிறந்தது 1906 ஆகஸ்ட் 25, செங்கோட்டையில். இயற்பெயர் ராமகிருஷ்ணன். அப்பா கங்காதர ஐயர், அம்மா மீனாட்சி. பெரிய குடும்பம், வசதி கிடையாது. அண்ணன்களோடு சேர்ந்து சின்னப் பையனாகவே மேடை ஏறியாச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்.கே.ஜி., யூ.கே.ஜி. போற வயசுல அவர் முகத்தில் அரிதாரம் பூசிக்கிட்டு ராத்திரி முழுக்க முழிச்சிருந்தார்.

அது சங்கரதாஸ் சுவாமிகளோட காலம். நாம இன்னைக்கும் கோயில் திருவிழாவில் பார்க்கிற வள்ளி திருமணம் அவர் எழுதினதுதான். தமிழ் நாடகத்துக்கு அவரைத்தான் தலைமை ஆசிரியர்னு சொல்வாங்க. சிறுவர்களை வச்சு நடத்தின பாய்ஸ் கம்பெனிகள் அப்போ ஊர் ஊராகப் போய்க்கிட்டு இருந்துச்சு. பசங்க பாட்டும் வசனமும் மனப்பாடம் பண்ணணும், சொன்ன வேஷம் கட்டணும். பதிமூணு பதினாலு வயசுல குரல் உடையும் பாருங்க, மகரக்கட்டுன்னு சொல்வாங்க, அதுல மாட்டினால் பல பேரோட மேடை வாழ்க்கையே முடிஞ்சு போகும். குரல்தான் சோறு. குரல் போனால் எல்லாம் போச்சு.

கிட்டப்பாவுக்கு அந்தக் குரல் போகல. கன்னையா கம்பெனியில் சேர்ந்தார். பிரம்மாண்டமான சீன், ஜோடனைக்குப் பேர் போன கம்பெனி அது. அங்கே நடந்த தசாவதாரம் நாடகத்தைப் பார்க்க ஜனங்க அலைமோதினாங்க. கிட்டப்பா பேர் பெரிசாயிடுச்சு. பின்னாடி சகோதரர்களோடு சேர்ந்து சொந்தமாகவும் நாடகம் போட்டார். சகோதரர் காசி ஐயர் ஆர்மோனியம். அவர் வாசிப்பும் தம்பி பாட்டும் போட்டி போடுறதைக் கேட்கவே தனிக் கூட்டம் வரும்.

ஒரு ராத்திரிக்கு எவ்வளவு செலவு?

இங்கே ஒரு நிமிஷம் நின்னு யோசிங்க. அப்போ மேடையில் மைக் கிடையாது. ஆயிரக்கணக்கில் கூட்டம். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் வார்த்தை புரியணும். அதனால சுருதியை ஏத்தி வச்சு, உச்ச ஸ்தாயியில் பாடணும். கிட்டப்பாவோட அடையாளமே அந்த உச்சம்தான்.

நம்ம தொண்டையில் இருக்கிற குரல்நாண்கள் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதித்தான் சத்தம் வருது. ஆண் குரல் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது ஒரு வினாடிக்கு 400 தடவைக்குப் பக்கமாக மோதும். இதை ஒரு பாட்டுக்குச் செய்யலாம். ஆறேழு மணி நேரம் செய்தால்? அதுவும் கனமான வேஷம், விளக்குச் சூடு, புகை, தூக்கமில்லாத கண். விடியற்காலை மூணு மணிக்கு உடம்பு தூங்கச் சொல்லும். கதை அப்போதான் உச்சத்துக்கு வரும். வேலன், வேடன், விருத்தன்னு முருகன் மாத்தி மாத்தி வந்து வள்ளிகிட்ட வழக்காடுற இடம் அது. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கிறதே அதுக்குத்தான்.

இதுக்கு மேல ஒன்ஸ் மோர் வேற. ஒரு பாட்டை ரெண்டு தடவை, மூணு தடவை கேட்பாங்க. பாடலைன்னா கலாட்டா. இன்னைக்கு லண்டன், நியூயார்க்ல இசை நாடகம் நடத்துறவங்க வாரத்துக்கு எட்டு காட்சி நடத்துறாங்க. ஆனா ஒரு காட்சி ரெண்டரை மணி நேரம்தான் இருக்கும். மைக் உண்டு, வாரத்துல ஒரு நாள் லீவு உண்டு. முக்கியமான வேஷத்துக்கு மாற்று நடிகர் தயாரா இருப்பார். அவங்களுக்கே சோர்வு வந்து குரல் கம்மிப் போறது உண்டு. எங்க பாஷையில சொன்னா, பேக்கப் இல்லாத சர்வரை யாரும் ஓட்ட மாட்டோம். கிட்டப்பாவுக்கு மாற்றே கிடையாது. நோட்டீஸில் அவர் பேரைப் பார்த்துத்தான் ஜனங்க டிக்கெட் வாங்கினாங்க. அவர் வரலைன்னா நாடகமே இல்லை.

நாடகம் முடிஞ்சால் மறுநாள் ரயில், மாட்டு வண்டி, அடுத்த ஊர். பகல் தூக்கம் அரைகுறை. மறுபடியும் அரிதாரம்.

கொழும்பில் ஒரு வள்ளி

1926-ல் கொழும்பில் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் ஜோடியா மேடை ஏறினாங்க. கிட்டப்பாவுக்கு 20 வயசு, அம்மாவுக்கு இன்னும் சின்ன வயசு. கொடுமுடியில் பிறந்து, வறுமையில் வளர்ந்து, சின்ன வயசுலயே பாடிப் பிழைக்க வந்தவங்க அவங்க. கிட்டப்பா குரலுக்கு ஈடு கொடுத்து ஒரு பொண்ணால பாட முடியுமான்னு எல்லாருக்கும் சந்தேகம். அம்மா ஈடு கொடுத்தாங்க. வேலனும் வள்ளியும் பாட்டாலயே மோதிக்கிட்டதைக் கேட்டு ஜனங்க கிறங்கிப் போனாங்க. அந்த ஜோடிக்கு அப்புறம் ஓய்வே இல்லை.

அடுத்த வருஷம் இருவருக்கும் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே செங்கோட்டையில் மனைவி இருந்தாங்க. தெய்வானை, வள்ளி கதையோடு இதை ஒப்பிட்டு ரசிக்கிறவங்க உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இது மனுஷங்க வாழ்க்கை, மூணு பேருக்குமே வலி இருந்துச்சு. சுந்தராம்பாள் அம்மாவுக்குப் பிறந்த குழந்தையும் தங்கல. மனஸ்தாபம் வந்துச்சு, பிரிவு வந்துச்சு. கடைசிக் காலத்தில் அவர் ஒரு பக்கம், இவங்க ஒரு பக்கம்.

உடம்பு கேட்ட கணக்கு

கிட்டப்பாவுக்கு மதுப் பழக்கம் இருந்துச்சு. அவர் வாழ்க்கையை எழுதினவங்க அதை மறைக்கல. நானும் மறைக்கல. ஆனா அதை மட்டும் சொல்லிட்டுப் போனால் நியாயம் இல்லைன்னு தோணுது. விவரம் தெரிஞ்ச நாளிலிருந்து ராத்திரியைப் பகலாக்கின உடம்பு அது. விடிஞ்சப்புறம் தூக்கம் வராது. சாயங்காலம் எழுந்தால் தெம்பு வராது. மேடையில நிக்கணும்னா எதையாவது பிடிச்சுக்கணும். மேடைக்காரங்க பல பேர் பிடிச்சுக்கிட்டது அதைத்தான். தெம்பைக் கடன் வாங்கின மாதிரி. வட்டியை ஈரலும் வயிறும் கட்டும்.

1933-ல் உடம்பு முழுக்க விட்டுப் போச்சு. அப்பவும் மேடை விடல. பேரைச் சொன்னால் கூட்டம் வருது, கம்பெனியை நம்பி பல குடும்பம் இருக்கு, எப்படி விடும்? 1933 டிசம்பர் 2 அன்னைக்கு உயிர் பிரிஞ்சது.

தமிழ் பேசும் படம் 1931-லயே வந்துடுச்சு. ஆனாலும் அவரைத் திரையில் பார்க்க நமக்குக் கொடுத்து வைக்கல. மிச்சம் இருக்கிறது இசைத்தட்டுகள் மட்டும்தான். அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான் பதியும். இன்னைக்கு யூடியூப்பில் நாம கேட்டு வியக்கிறது அந்த மூணு நிமிஷத்தை. அந்தக் குரல் விடியற்காலை நாலு மணிக்கு எப்படி இருந்துச்சு, ஒன்பதாவது ராத்திரி எப்படி இருந்துச்சு, பாட்டு முடிஞ்சு திரைக்குப் பின்னாடி எப்படி மூச்சு வாங்கினார்னு எந்தத் தட்டிலும் பதிவாகல.

அம்மா எடுத்த முடிவு

கிட்டப்பா போனப்போ சுந்தராம்பாள் அம்மாவுக்கு 25 வயசு. வெள்ளைச் சேலைக்கு மாறினாங்க. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிக்கிறதில்லைன்னு முடிவெடுத்து, சாகும் வரை அதைக் காப்பாத்தினாங்க. 1935-ல் வந்த பக்த நந்தனார் படத்தில் நந்தனாராகவே நடிச்சாங்க. நாடக மேடையை விட்டு, கச்சேரி மேடைக்கு வந்தாங்க. நெத்தி நிறைய விபூதியோட முருகனைப் பாடினாங்க.

இன்னொண்ணையும் கவனிங்க. கச்சேரின்னா உட்கார்ந்து பாடலாம், மைக் வந்துடுச்சு, சில மணி நேரத்தில் முடிஞ்சிடும். 1953-ல் ஔவையார் படம், 1965-ல் திருவிளையாடல், 1967-ல் கந்தன் கருணை. 1969-ல் வந்த துணைவன் படத்துக்காகத் தேசிய விருது வாங்கினப்போ அவங்களுக்கு அறுபது தாண்டியிருந்துச்சு. கணீர்னு அதே குரல். கிட்டப்பாவுக்கும் அறுபது வயசு வரைக்கும் பாடக் கிடைச்சிருந்தால், நம்ம முருகன் பாட்டு லிஸ்ட்ல இன்னும் எத்தனை சேர்ந்திருக்கும்! இதை நினைச்சால் எனக்கு மனசு கனக்குது.

நாம என்ன செய்யலாம்?

மாசியிலிருந்து ஆடி வரைக்கும் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் இன்னமும் வள்ளி திருமணம் நடக்குது. முருகன் வேஷம் கட்டுறவரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடுறோம். பல ஊர்ல கால்ல விழுறவங்களும் உண்டு. அது நம்ம பக்தி, அதுல தப்பில்லை. ஆனா கும்பிட்டுட்டு, அந்த வேஷத்துக்குள்ள பசியும் தூக்கமும் உள்ள ஒரு ஆள் இருக்கார்னு மறந்துடறோம்.

அடுத்த திருவிழாவில் விழாக் கமிட்டியில் இருக்கிற பசங்க இதைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க. நடிகர்களுக்கு வேஷம் போடுறதுக்கு முன்னாடியே சாப்பாடு போடுங்க. நடுராத்திரியில் சுக்குக் காபியோ வெந்நீரோ கொண்டு போய்க் கொடுங்க. படுக்க ஒரு பாயும் ஒரு ஃபேனும் இருக்கட்டும். பேசின சம்பளத்தை விடிஞ்சதும் குறைக்காமல் கையில் கொடுங்க. தொண்டை கட்டியிருந்தால் ஒன்ஸ் மோர் கேட்காதீங்க, அந்த நேரம் ஆர்மோனியக்காரரை வாசிக்க விடலாம். யாராவது தெம்புக்குன்னு பாட்டில் வாங்கிக் கொடுத்தால், தயவுசெஞ்சு தடுங்க.

அன்னைக்கு ராத்திரி நாடகம் முடிஞ்சு, வள்ளி கல்யாணம் ஆகி, மங்களம் பாடினப்போ மணி ஆறு. அந்த அண்ணன் வேஷம் கலைச்சுட்டு, கோயில் வாசலில் நின்னு முருகனைக் கும்பிட்டார். குரல் சுத்தமா கம்மிப் போயிருந்துச்சு, உதடு மட்டும்தான் அசைஞ்சது. நான் டீ வாங்கிக் கொடுத்தேன். குடிச்சுட்டு வேன்ல ஏறிப் படுத்துட்டார். பத்தாவது ராத்திரிக்கு எந்த ஊர்னு கேட்க எனக்கு மனசு வரல.

கிட்டப்பா ஐயாவையும், சுந்தராம்பாள் அம்மாவையும், இன்னைக்கும் விடிய விடிய வேலனாகவும் வள்ளியாகவும் நிக்கிற எல்லாரையும் முருகன் காக்கட்டும். படிச்சவங்க உங்க ஊர் திருவிழா குரூப்புக்கு இதை அனுப்பி வையுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏